ஸ்டாண்டின் கட்டைவிரல்

ஊரில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஸ்டாண்டு என்றால் ஸ்டுடியோ வாசல் வரை கூட்டிவந்து விட்டுப் போவார்கள். கல்யாண வீடியோ எடுக்கிறவர். மூன்று கால் ஸ்டாண்டில் பூட்டி எடுத்த மாதிரி வெறுங்கையில் எடுக்கிறாரே என்று தொழில்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர் அது. கிண்டல் நாளடைவில் மரியாதையாகி, மரியாதை பெயர்ப்பலகையிலும் ஏறிவிட்டது.

மண்டப வாசலிலிருந்து மேடை வரை மணமக்கள் நடந்து வருவதை எடுப்பதில்தான் அவர் பேர் வாங்கினார். அவர்கள் முன்னால் நடப்பார்கள், இவர் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். முதுகில் கண் இல்லாத குறையை அவர் மனைவி தீர்த்து வைத்தாள். ஒரு கையில் விளக்கைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அவர் இடுப்பில் கட்டிய பேட்டரிப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். "படி" என்பாள். "ஒயர்" என்பாள். வாரை லேசாக இழுத்தால் நில் என்று அர்த்தம். வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசினால் ஒன்பது வார்த்தை பேசுகிறவள், மண்டபத்தில் பேசுவது அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

நடுக்கம் முதலில் டீ கிளாஸில்தான் வந்தது. சூடு அதிகம் என்று டீக்கடைக்காரர் மேல் பழியைப் போட்டார். பிறகு சட்டைப் பொத்தான்கள் கைக்கு அடங்காமல் போயின. பொத்தான் வைத்த சட்டைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, தலை வழியாக மாட்டுகிற பனியன் துணிச் சட்டைக்கு மாறினார். டீக்கடையில் விடுவார்களா? ஸ்டாண்டுக்கு மறுபடியும் பெண் பார்க்கிறார்கள் போல என்று பேச்சு ஓடியது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நத்தைச் சுழி மாதிரி ஒரு கோடு போடச் சொன்னார். அவர் போட்ட கோடு, ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூல் போல நெளிந்து நெளிந்து போனது. மாத்திரையால் இதை மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் கேமராவைத் தூக்கினால் கை ஆடாது என்று அவர் நம்பினார். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி மனைவியின் தம்பியிடம் கொடுத்துவிடுவார். எடிட்டிங் அவன் வேலை. முடித்து அவன் போட்டுக் காட்டுகிற படத்தில் ஆட்டமே இருக்காது. பொத்தானிடம் தோற்கிற கை கேமராவிடம் மட்டும் பழைய கையாகவே இருக்கிறது என்று, கோயில் வாசலில் செருப்பு பத்திரமாகக் கிடைத்தவனைப் போல ஒவ்வொரு முறையும் ஆறுதல் பட்டுக்கொள்வார்.

அந்த ஆறுதலைக் கெடுத்தவர் ஒரு புதுமாப்பிள்ளை. வீடியோ வாங்கிப் போன மறுவாரம் திரும்பி வந்தார். சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டுதான் வந்தார். தாய் இல்லாத வீடு. ஓரமாகத் தன் பக்கத்திலேயே நடந்து வந்த அப்பாவைப் படத்தில் காணோம் என்றார்.

"அண்ணே, எங்கப்பாவோட தோள் மட்டும் எங்ககூட மேடை வரைக்கும் நடந்து வருதுண்ணே."

சொல்லும்போது சிரித்தவர், சொல்லி முடித்ததும் சிரிக்கவில்லை. ஸ்டாண்டுக்கு விளங்கவில்லை. அந்தப் பெரியவரைப் படச் சட்டத்துக்குள் வைத்துத்தான் எடுத்தோம் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மச்சானைக் கூப்பிட்டார். அவன் கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"ஆட்டத்தை எடுக்கணும்னா ஓரத்தை வெட்டித்தான் ஆகணும் மாமா."

கொஞ்சமாக ஆடினால் கொஞ்சம் வெட்டினால் போதும், இப்போது நிறைய வெட்ட வேண்டியிருக்கிறது என்று அவன் மெல்லிய குரலில் விளக்கினான். போன வருஷத்திலிருந்தே இப்படித்தானாம். வெட்டாத படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். மண்டபமே படகில் ஏறிப் போவது போல இருந்தது. அதில் அந்த அப்பா இருந்தார், முழுசாக, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி. மாப்பிள்ளை அதையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார். ஸ்டாண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் விளக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே சுற்றி வைத்த ஒயரை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

கை ஆடியதைவிட, இத்தனை நாளும் இரண்டு பேர் சேர்ந்து தன் கையின் ஆட்டத்தைத் தன்னிடமே மறைத்து ஓரம் தைத்துக்கொண்டிருந்ததுதான் அவரை உட்கார வைத்தது. வெட்டவும் கூடாது, ஆடவும் கூடாது. அடுத்த கல்யாணம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதை எடுக்க முடியாவிட்டால் அதற்கப்புறம் எதையும் எடுக்க முடியாது. மச்சான்தான் கிம்பல் என்றான். கேமராவை மேலே பூட்டிக்கொள்கிற கைப்பிடி, உள்ளே மோட்டார்கள் இருக்கும், கை எப்படிப் போனாலும் கேமராவை நேராகவே வைத்திருக்கும். குடையைப் பிடிக்காதவனை மழை பிடித்துக்கொண்ட மாதிரி, அந்தச் சாமானை இத்தனை நாளும் கிண்டல் செய்துவந்தவர், மறுநாளே மனைவியோடு கடைக்குக் கிளம்பினார்.

கடையில் கிம்பல்கள் வரிசையாக நின்றன. விற்கிற பெண் பொறுமைசாலி. செல்போனுக்கான குட்டியை அவரே ஒதுக்கினார். அடுத்தது கைக்கு லேசாக இருந்தது, ஆனால் அவருடைய லென்ஸின் கனம் தாங்காமல் தலையைத் தொங்கப் போட்டது. பெரியது எதையும் தாங்கும், அதைத் தாங்குவதற்குத்தான் ஆள் வேண்டும். நடுவில் இருந்த ஒன்றில் கேமராவைப் பூட்டினார்கள். சுவிட்சைப் போடுமுன் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமன் செய்ய வேண்டும், சரியாகச் செய்யாவிட்டால் மோட்டார் உதறும், அந்த உதறல் பிடியிலேயே தெரியும் என்றாள் அந்தப் பெண். ஸ்டாண்டு திருகாணியைத் தொடுவதற்குள் மனைவி முந்திக்கொண்டு தளர்த்தி, நகர்த்தி, இறுக்கி முடித்துவிட்டாள்.

அவர் பிடியைப் பற்றி நடந்தார். பின்பக்கமாகவும் நடந்தார். கை உதறியது, அவருக்கே தெரிந்தது. ஆனால் திரையில் கடையின் அலமாரிகள் ஆற்றங்கரை மரங்கள் போல அசையாமல் நகர்ந்தன. மனைவியைத் திரையில் கொண்டுவந்து பார்த்தார். வெகுநாள் கழித்து அவள் முகம் அவர் கையில் அசையாமல் இருந்தது. கல்லாவில் இருந்தவர்கூட நிமிர்ந்து பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது கேமராவைத் திருப்பிப் பாருங்கள் என்றாள் அந்தப் பெண். பிடியில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். அதை எந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் திரும்பும். ஸ்டாண்டு கட்டைவிரலை வைத்தார். கேமரா வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது, மறுபடி வலப்பக்கம் போனது. மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டும் குழந்தை போல ஆட்டிக்கொண்டே இருந்தது.

மிஷின் பழுது என்று அந்தப் பெண் பதறி வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் தலையாட்டியது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள், மெதுவாகத் தலையாட்டியது. விரலைத் தூக்கிக்கொண்டு பிடித்தார், பிடி நழுவப் பார்த்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கை ஆடினால் இது பொறுத்துக்கொள்ளும். விரல் ஆடினால் அதை உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும். நல்ல வேலைக்காரன்தான், எஜமான்தான் சரியில்லை.

கிம்பலை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். வெளியே போய்விடலாமா என்று மனைவி கண்ணாலேயே கேட்டாள். அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"இவங்க கைக்கு எதும்மா சரியா இருக்கும்?"

மனைவியைக் காட்டித்தான் கேட்டார். அந்தப் பெண் புரியாமலேயே அவளுடைய மணிக்கட்டைப் பார்த்து, லேசானதை எடுத்து முன்னால் வைத்தாள். அதற்குப் பெரிய லென்ஸ் ஆகாது. வீட்டில் கிடந்த சின்ன லென்ஸ் போதும் என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று ஸ்டாண்டு எல்லாருக்கும் முன்னால் போய் வாசலில் நின்றார். எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்று அவரே சொன்னார். மணமக்கள் நடக்கத் தொடங்கினார்கள். கிம்பலைப் பிடித்தபடி மனைவி பின்பக்கமாக நடந்தாள். பேட்டரிப் பை இப்போது அவள் இடுப்பில் இருந்தது. அதன் வாரைப் பிடித்துக்கொண்டு, இடது கையில் விளக்கோடு, அவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்தார். என்ன ஸ்டாண்டு, முதலாளியம்மா எடுக்கிறாங்களா என்று யாரோ கேட்டுவிட்டுப் போனார்கள்.

கூடத்தின் நடுவே அவள் நடை தயங்கியது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தாள்.

"என்னங்க, மோட்டார் உதறுதா? இடுப்பு வரைக்கும் தெரியுது."

"மோட்டார் இல்ல. நான்தான்."

அவள் தொடர்ந்து நடந்தாள். அவள் தோளுக்கு மேலே திரை தெரிந்தது. மணமகள், மணமகன், இரண்டு பக்கத்துப் பெற்றோர், ஓரத்தில் நடந்த சின்னப்பிள்ளைகள் வரைக்கும் எல்லாரும் இருந்தார்கள். எதுவும் ஆடவில்லை. அவர் கையிலிருந்து வார் வழியாக அவள் உடம்புக்குப் போன நடுக்கத்தை அந்தச் சாமான் அங்கேயே அழித்துவிட்டிருந்தது. அதில் அவர் இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

மேடை வந்துவிட்டது.

"படி," என்றார் ஸ்டாண்டு.

அவள் காலைத் தூக்கி வைத்தாள்.