கண்ணைக் கொட்டாதே என்றாள்

சவுரிராயன் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். இன்ஜின் அடுப்புக்குக் கரி வாரிப் போடுவது வேலை. ஆள் முரடு; ஆனால் பொண்டாட்டி பேச்சு என்றால் வேதவாக்கு. அந்தப் பொண்டாட்டி லூர்துமேரி, தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் ரயில் லைனை ஒட்டிய அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் பிறந்தது. போய்ப் பார்க்க லீவு கிடைக்கவில்லை. நாற்பத்து மூணாம் வருஷம், சண்டைக் காலம். லீவு என்றாலே ஃபோர்மேன் எரிந்து விழுவார். போதாக்குறைக்கு அடுத்த வாரம் தூத்துக்குடிக்கு மாற்றல் வேறு.

அவன் வண்டியோ திண்டிவனத்தில் நிற்காது. லூர்துமேரி, லைனில் வேலை பார்க்கும் கேங்மேன் பெரியசாமியிடம் சொல்லியனுப்பினாள்: "லைன் ஓரம் புள்ளயத் தூக்கிக் காட்டறேன். கண்ணக் கொட்டாம பார்க்கச் சொல்லுங்கண்ணே. கொட்டினா போச்சு, வண்டி தாண்டிடும்."

அப்படியே செய்தான், மடையன்! தலையை வெளியே நீட்டிக் கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றான். ஃபயர்மேன் செய்கிற காரியமா இது? பறந்து வந்த கரித்தூள் நேராகக் கண்ணில் விழுந்தது. மங்கலாக ஒரு மஞ்சள் புடவை தெரிந்தது, அவ்வளவுதான். பிள்ளை தெரியவில்லை. பாவம், விழுப்புரம் வரைக்கும் கரி போட்டுக்கொண்டே அழுதான்.

ரயில்வே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் நடராசன் தூளை எடுத்துக் களிம்பு போட்டார். கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஏன்யா, எங்கிட்ட பேசிக்கினே எத்தினி வாட்டி கண்ணக் கொட்டின? நடுவுல என் மூஞ்சி காணாம போச்சா?"

"இல்லீங்க."

"இமை மூடுறப்ப கண்ணுக்கு இருட்டுதான். ஆனா மூளை அந்த இருட்டக் கண்டுக்காது. முன்னால பார்த்ததையும் பின்னால பார்த்ததையும் சேர்த்து ஒண்ணாக்கிடும். நீ பாட்டுக்குக் கொட்டிக்கினே பாரு, போ."

அந்த லைனில் அவனுக்குக் கடைசி டிரிப். திண்டிவனம் வந்தது. லூர்துமேரி மறுபடியும் லைன் ஓரம் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். விசில் சத்தத்தில் பிள்ளை கண்ணை இறுக்கி மூடி, பிறகு மெல்லத் திறந்தது. சவுரிராயனும் தாராளமாகக் கண்ணைக் கொட்டிக்கொண்டு பார்த்தான். நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, கோணிய குட்டி வாய் தெரிந்தது. இருட்டு எதுவுமே தெரியவில்லை.

லூர்துமேரி பிள்ளையை அணைத்துக்கொண்டு கூடவே இரண்டு எட்டு ஓடிவந்தாள். "பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன்டி! என் மூக்கு! என் மூக்கு!"

வண்டி வளைவு திரும்புகிற வரைக்கும் கத்திக்கொண்டே போனான்.