அண்ணன் போட்ட கோடு

அண்ணன் பைப்பில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டை அழித்து, மூன்று விரற்கடை குறைத்துப் போட்டவன் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

இன்று ஓசூரில் என் வீட்டுக்கு வந்த பிளம்பர், பைப்பில் மரை வெட்ட எண்ணெய் ஊற்றினார். அந்த எண்ணெய் வாசனை, அந்நாளில் ஃபாக்டரியில் பைப் பிட்டர் வேலை பழகிவிட்டு வரும் அண்ணனின் சட்டை வாசனை. சாப்பிடும்போதும் சோற்றில் சாய்வாகக் கோடு இழுப்பான்.

"நாப்பத்தஞ்சு டிகிரின்னா, பைப்பு எவ்ளோ தள்ளி வெலகிப் போவணுமோ, அதை ஒன்னே புள்ளி நாலு ஒன்னு நாலால பெருக்கணும்மா. அதுல திருப்பத்துல மாட்டுற எல்போ அளவைக் கழிக்கணும்."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரே பைப்தான் வாங்கியிருந்தோம். அண்ணன் என் கோட்டில் அறுத்தான். எட்டவில்லை.

"பிட்டராம் பிட்டரு! புடிச்சு இழுடா, நீளும்" என்றார் அப்பா. தெருவே சிரித்தது.

"எனக்குக் கணக்கு வரலம்மா" என்று சொல்லிவிட்டு, அண்ணன் பர்கூர் கல்குவாரிக்கு வேலைக்குப் போய்விட்டான்.

போன மாதம் அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சாடா?"

"சரிதாண்ணா."

எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். இப்போது போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறார். "அவரு தூங்கறாருப்பா" என்கிறார். பக்கத்தில் அண்ணன் இருமுவது கேட்கிறது.