காசுக்கு வாசிக்காத கை

கலையைக் காப்பாற்றினவர்கள் என்று யார் யாரையோ மேடையேற்றிக் கைதட்டுகிறார்கள். இஸ்திரி போடுகிறவளை யாரும் கூப்பிடுவதில்லை. இந்த அக்காவையும் கூப்பிடவில்லை.

அவள் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு பெரிய சலவைக் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். ஓட்டல்களிலிருந்து வரும் மேஜை விரிப்புகளும் ஊழியர்களின் வெள்ளைக் கோட்டுகளும் அவள் கைபட்டுத்தான் விறைப்பாகும். சூடு பட்ட தழும்புகள் இரண்டு முன்கையிலும் வரிவரியாக இருக்கும். "என்னம்மா இது?" என்று யாராவது கேட்டால், "தம்பி சிம்பொனி எழுதுறான்" என்பாள். கேட்டது தழும்பைப் பற்றி, பதில் தம்பியைப் பற்றி. அவளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒரு நாள், "இது காசுக்கு வாசிக்கிற கை இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டுதான் போனார், அது வேறு விஷயம். அக்கா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனை வளர்த்தாள். விருந்தில் வாசிக்க வேண்டும் என்று யார் வந்தாலும் வாசலில் இவளே நின்று, "அவன் அதுக்கெல்லாம் வரமாட்டான்" என்று திருப்பி அனுப்பினாள். பிஸ்கட் கம்பெனிக்காரர் ஒருவர் விளம்பரத்துக்கு மெட்டு கேட்டு வந்தார். அவர் நீட்டிய முன்பணத்தையும் பிஸ்கட் டப்பாவையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்தாள். தம்பி உள்ளேயிருந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சலவை வேன் ஓட்டும் டிரைவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். நல்ல மனுஷன், எதையும் கேலியாகவே பேசுவான். "தம்பி சிம்பொனிய முடிக்கட்டும்" என்றாள். நாற்பது பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசை, சும்மாவா? டிரைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு வேறொருத்தியைக் கட்டி இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவும் ஆகிவிட்டான். சிம்பொனிதான் முடியவில்லை. சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது தம்பி ஜன்னலோரம் நின்று வயலினும் கையுமாக இருப்பான்.

"எது வரைக்கும் வந்துச்சுடா?"

"இன்னும் கொஞ்சம்தான்க்கா."

அந்தக் கொஞ்சத்தைக் கேட்டதும் அவளுக்குக் கால்வலி பறந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "ரெண்டு கட்டு கோட்டுதான், கூட வந்து இறக்கி வெச்சுடேன்" என்றான். அக்கா போனாள். ஓட்டலின் பின்வாசல் வழியாகக் கோட்டுகளைத் தோளில் சுமந்து நடந்தவள், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வயலின் சத்தம் கேட்டு நின்றாள். கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. எட்டிப் பார்த்தாள்.

தம்பி. அவள் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டில், மேஜை மேஜையாகப் போய் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு குழந்தை ஸ்பூனால் தட்டைத் தட்ட, அந்தத் தாளத்துக்கே மெட்டை வளைத்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஒருவர் நீட்டிய நோட்டை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு அழகாகக் குனிந்தான்.

அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. நோட்டைப் பார்த்துத்தான் எரிகிறது என்று முதலில் நினைத்தாள். இல்லை, அந்தச் சிரிப்பைப் பார்த்து. வீட்டில் வயலினைத் தொட்டுக்கொண்டு அவன் சிரித்ததே கிடையாது.

"மூணு வருஷமா வாசிக்கிறான். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான் டிரைவர். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

சாயங்காலம் அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள். "காசுக்காடா வாசிக்கிற?"

தம்பி வயலினைக் கீழே வைத்தான். "காசுக்குத்தான்க்கா. வீட்டுக்காரர் வாடகையே ஏத்தலைன்னு அவரைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறியே, அவர் எப்பவோ ஏத்திட்டார். மிச்சத்தை நான்தான் குடுக்கறேன்."

"அப்ப சிம்பொனி?"

"அது எனக்கு வரலக்கா. முயற்சி பண்ணிப் பார்த்தேன், வரல. நீ படியேறுற சத்தம் கேட்டா வயலினை எடுத்துப் பழசையே வாசிப்பேன்."

"வராதுன்னு என்னைக்குடா தெரிஞ்சுது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "டிரைவர் அண்ணன் உன்னைக் கேட்டாரே, அப்பவே."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ போயிடுவியேன்னு பயமா இருந்துச்சுக்கா."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலும் இருந்தது. இரண்டுக்கும் கை எழவில்லை. வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினது யார்? அவள்தானே. இவனை மட்டும் எப்படித் திட்டுவது?

மனசிலிருந்ததைக் கொட்டிவிட்டதில் தம்பிக்குப் பாரம் இறங்கிவிட்டது. முகம்கூடத் தெளிந்துவிட்டது, பாவி. "நீ வேலையை விட்டுடுக்கா, இனிமே நான் பாத்துக்கறேன்" என்றான். பிறகு, "அங்க வாசிக்கிறதுல ஒண்ணு வாசிக்கட்டுமா? நீ கேட்டதே இல்லையே" என்று வயலினை எடுத்தான்.

சின்ன மெட்டுதான். சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் வளைந்து வளைந்து போயிற்று. இத்தனை வருஷம் ஜன்னலோரம் கேட்ட எதிலும் இந்த உயிர் இல்லை. அவள் பாதம் தானாகத் தரையில் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்து அதை நிறுத்தினாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததால், அவள் அழுதது அவனுக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்காக்கா?"

"நல்லா இருக்குடா" என்றாள். அது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.