பேச்சு இருந்த பக்கம்

என் பேச்சு தலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பதினொரு வயதாகும்வரை ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

போர் முடிந்து அப்போதுதான் நாங்கள் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழேயிருந்த எங்கள் காணியில் தகரக் கொட்டில் போட்டிருந்தோம். எனக்கு வலிப்பு வரும். முதலில் ஏதோ கருகுகிற மணம் மூக்கில் ஏறும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு இடப்பெயர்வின் நடுவில், காய்ச்சல் ஏறி நெடுநேரம் இழுத்ததாம். அன்றைக்குப் பிடித்த சனியன். வாய்க்கால் பக்கம் போகக் கூடாது, அடுப்படியில் நிற்கக் கூடாது, சைக்கிளைத் தொடக் கூடாது. தடைபோடாமல் விட்டுவைத்த ஒரே விளையாட்டு வாய்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பேன்.

மூன்று விதமான குளிசைகளுக்கும் வலிப்பு அடங்காமற்போகவே, மன்னார் டொக்டர் ஒரு கடிதம் தந்து எங்களைக் கொழும்புக்கு அனுப்பினார். மேசன் வேலைக்குப் போய்ச் சிங்களம் பழகியிருந்த சித்தப்பா துணைக்கு வந்தார். அங்கே ஒரு டொக்டர் அம்மா என் தலையின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடப்பக்க மூளையில் சின்னதாக ஒரு வடு. வலிப்பு கிளம்புவது அங்கிருந்துதான். அதை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். எனக்கும் அப்படியென்றால் வலிப்போடு பேச்சும் போய்விடக்கூடும். ஆகவே தலையைத் திறக்காமலே, ஸ்கான் மெஷினுக்குள் படுக்கவைத்து, பேச்சின் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்துகொண்டது. அன்று எனக்கு விளங்கியது விளையாட்டின் சட்டம் மட்டுந்தான். ஒரு எழுத்தைச் சொல்வார்கள். அதில் தொடங்கும் சொற்களை, வாயும் தலையும் அசையாமல், மனதுக்குள் அடுக்க வேண்டும். ‘நிப்பாட்டு’ என்றதும் ஒன்றையும் நினைக்காமல் கிடக்க வேண்டும். சொல் தேடும்போது மூளையில் எந்த இடத்துக்கு இரத்தம் கூடுதலாக ஓடுகிறது என்பதை மெஷின் படம் பிடித்துவிடும்.

முதல் தடவை மானம் போயிற்று. மெஷின் தடதடத்த தடதடப்பில் நான் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். பயம் தெளிந்தபின் சொற்களை உரத்துச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் தலையையும் ஆட்டினேன். படம் முழுக்கக் கலங்கிவிட்டது. இன்னொரு நாள் தருவதாகவும், அன்றைக்கும் அசைந்தால் ஒப்பரேஷனை நினைத்தே பார்க்க முடியாது என்றும் டொக்டர் சொல்லிவிட்டார்.  ஊர் திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் பார்த்தது வீணாகவில்லை. எங்கள் ஊருக்கு அப்போது புது வீதி போட்டுக்கொண்டிருந்தார்கள். மதகுக்குப் புதைக்கவென்று பெரிய கொங்கிறீற்றுக் குழாய்கள் வீதியோரம் கிடந்தன. அடுத்த நாள் காலையில் ஒரு குழாய்க்குள் சாக்கு விரித்து என்னைப் படுக்கவைத்தார். நெற்றியில் ஒரு வேப்பிலையை வைத்தார். அது விழுந்தால் நான் அசைந்ததாகக் கணக்கு. பிறகு வெளியே நின்று சுத்தியலால் குழாயில் ஓங்கி அடிக்கத் தொடங்கினார். வீதி வேலையின் காவல்காரப் பெடியன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

“அண்ணை, என்ன செய்யிறியள்? உள்ளுக்க பிள்ளையெல்லோ கிடக்கு!”

“ஓம் தம்பி. பிள்ளை யோசிக்குது. குழப்பாதையும்.”

கருவாடு, கழுதை, கதிரை, கடகம். சொல் அடுக்குவதைப் பிடித்துக்கொண்டேன். ‘நிப்பாட்டு’தான் சரியான கஷ்டம்.

“ஒண்டும் நினைக்காமல் எப்பிடிச் சித்தப்பா கிடக்கிறது?”

“கமக்காரர் சங்கக் கூட்டத்தில உன்ர கொப்பர் இருக்கிற மாதிரிக் கிட.”

விவசாயிகளின் கூட்டங்களில் அப்பா எதையும் காதில் வாங்காமல் வெறித்தபடி இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அன்றிலிருந்து அதுவும் வந்துவிட்டது. மூன்று கிழமைக்குள், சுத்தியல் எப்படி இடித்தாலும் வேப்பிலை அசையவில்லை.

இரண்டாம் தடவை, தமிழில் சொல்ல ஆள் வேண்டுமென்று டொக்டர் அம்மா சித்தப்பாவையே மைக்கின் முன்னால் இருத்தினார். காதுக்குள் அவருடைய குரல் “க” என்றது. மெஷின் இடியாய் இடித்தது. நான் கல்லாய்க் கிடந்து, மன்னார்ச் சந்தையில் கண்டது, குளக்கட்டில் கண்டது எல்லாவற்றையும் மனதுக்குள் கொட்டித் தீர்த்தேன். வெளியே வந்தபோது டொக்டர் அம்மா கைதட்டினார்.

ஒரு கிழமை கழித்துப் படத்தைக் காட்டினார்கள். மூளையின் வலப்பக்கத்தில் செம்மஞ்சளாக ஒரு திட்டு எரிந்துகொண்டிருந்தது. இடப்பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சின்ன வயதில் இடப்பக்கம் காயப்பட்டதால் பேச்சு மற்றப் பக்கம் போய் வளர்ந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னதைச் சித்தப்பா அம்மாவுக்குத் தமிழாக்கினார்.

“அண்ணி, இவளின்ர பேச்சும் எங்களோட சேர்ந்து இடம்பெயர்ந்திட்டுது. வெட்டலாமாம்!”

அம்மா படத்திலிருந்த செம்மஞ்சள் திட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா சித்தப்பாவின் போனில் ஒலிப்பதிவைப் போட்டு என் வாயருகே பிடித்தார். “கதை பிள்ளை. என்னவெண்டாலும் கதை.” மன்னார் பஸ் நிலையத்தில் ஒரு கழுதை கொழும்பு பஸ்ஸில் ஏறப் பார்த்த கதையை, கனைப்பும் உதையுமாகக் கால்மணி நேரம் சொன்னேன்.

கண் விழித்தபோது தலை நிறையக் கட்டு. அம்மா ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

“இது என்ன பிள்ளை?”

“கோப்பை. ஏனம்மா, உள்ளுக்க ஒண்டும் இல்லையே?”

வாசலில் நின்ற சித்தப்பா போட்ட கூச்சலுக்குத் தாதியிடம் ஏச்சு வாங்கினார். அதன்பின் எனக்கு வலிப்பு வரவேயில்லை. அடுத்த வருடம் குளக்கட்டில் சைக்கிள் ஓடினேன்.

ஆனால் வீடு வந்த அன்று ஒரு சண்டை நடந்தது. அப்பாவுக்குக் கழுதைக் கதையைப் போட்டுக்காட்டச் சொன்னால், போனில் அது இல்லை. நான் கண் விழித்த அன்றே அம்மா அழிக்கச் சொல்லிவிட்டாராம். “நீ கதைக்கிறாய்தானே, இனி அது ஏன்?” என்றார். இவ்வளவு அருமையான கதையை அழிக்க எப்படி மனம் வந்தது! இரண்டு நாள் நான் அம்மாவோடு ஒரு சொல்லும் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு நன்றாக நோகும் என்று நினைத்தேன். அம்மாவோ சட்டி கழுவும்போதும் நெல் புடைக்கும்போதும் என் மூடிய வாயைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற பிள்ளையைப் பார்க்க ஒரு தாய்க்கு அப்படி என்ன சந்தோசம் என்று எனக்கு விளங்கவேயில்லை.