குங்குமம் வைத்த இடம்

யுத்த காலத்தில் நான் கப்பலில் ரேடார் பார்த்தவன். திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் கண்ணுக்குத் தெரியாததை வரைவது என் வேலை. ஊர் திரும்பி, தோவாளைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாரான பிறகும் அந்தத் திமிர் அடங்கவில்லை.

நாடு விடுதலையான மறு வருஷம், வீட்டுக் கதவுக்காக ஒரு பருத்த பலாத்தடி வாங்கினேன். உள்ளே பொந்து இருக்குமோ என்று மரம் அறுக்க வந்தவருக்குச் சந்தேகம்.

"அறுக்காமலே படம் போட்டுத் தாறேன், பாரும்" என்றேன்.

தடியை உருட்டி உருட்டி, சாணுக்கு ஒரு தட்டு தட்டினேன். கணீரென்று கேட்ட இடங்களையும் மந்தமாகக் கேட்ட இடங்களையும் காகிதத்தில் குறித்தேன். ஓர் ஓரத்தில் மட்டும் சின்னப் பொந்து என்று படம் சொன்னது. நடுவில் தைரியமாக அறுக்கச் சொன்னேன்.

ஒரே ஓர் இடத்தை நான் தட்டவில்லை. அறுக்குமுன் பூசை செய்து, தடியின் நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார் அவர். நான் கிறிஸ்தவன்; மரியாதைக்கு விலகிப் போனேன். சுற்றிலும் கணீரென்று கேட்டதால், அங்கேயும் நல்ல மரம்தான் என்று நானே நிரப்பிக்கொண்டேன்.

வாள் இறங்கியதும் மக்கிப்போன கறுத்த மரத்தூள் கொட்டியது. குங்குமத்துக்கு நேர் கீழே, கை நுழையும் அளவுக்குப் பொந்து.

"நீராவது அங்க தட்டிப் பாத்திருக்கலாமே!" என்று எரிந்து விழுந்தேன்.

"சாமிக்கு வச்ச இடத்துல நான் எப்படி சாரே தட்டுவேன்? நீங்க வேதக்காரருல்லா! நீங்க தட்டியிருப்பீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார்.