முனீஸ்வரி எண்ணிய இலைகள்

என் தங்கை முனீஸ்வரி சப்ளை செயின் மேனேஜ்மென்ட் படிக்கிறாள் என்று சொன்னால், சொந்தக்காரர்கள் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் பதினோரு வருடமாக சப்ளையர். எங்கள் பக்கம் சப்ளை என்றால் இலை போட்டுப் பரிமாறுவது. வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது.

அவள் பி.பி.ஏ. சேர்ந்த வருடம் திருமங்கலத்தில் ஒரு காதுகுத்து. பெரியப்பா விருமாண்டி பந்தியில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தார்.

"என்னத்தா படிக்கிற?"

"சப்ளை செயின் மேனேஜ்மென்ட், பெரியப்பா."

"அதுக்கு எதுக்குக் காலேசு? உங்கண்ணன் பத்தாங்கிளாசு பெயிலாகியே பண்றானே. சரி, படிச்சத இங்க காட்டு. அந்த ரசத்த ஊத்து."

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். ரச வாளியை எடுத்து அவருக்கு ஊற்றியபடியே கேட்டாள். "பெரியப்பா, இந்த ரசத்துல கெடக்குற மிளகு எங்கருந்து வந்துச்சு?"

"கடையிலருந்து."

"கடைக்கு?"

"மலையிலருந்து."

"நடுவுல எத்தன கை மாறுச்சு, எந்தக் குடோன்ல எத்தன நாளு கெடந்துச்சு, எங்க சிந்துச்சு? அதத்தான் மூணு வருசம் படிக்கிறோம்."

பெரியப்பா இலையில் ஓடுகிற ரசத்தைக் குனிந்து பார்த்தார். "அம்புட்டுத் தூரத்துல இருந்தா வருது இது" என்று சொல்லி, இன்னொரு கரண்டி கேட்டார்.

அவள் சின்னதிலிருந்தே அப்படித்தான். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். கோச்சடையில் எங்கள் வீட்டிலிருந்து ரேஷன் கடைக்கு அனுப்பினால், எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். ஆறு வாரம் எழுதியபின், "அம்மா, இனிமே வியாழக்கிழமை மூணரைக்குப் போனாப் போதும்" என்றாள். அம்மா இன்றைக்கும் வியாழக்கிழமை மூன்றரைக்குத்தான் போகிறாள்.

கல்லூரியில் ஐந்து செமஸ்டரிலும் அவள் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் இருந்தாள். ஐந்தாவது செமஸ்டர் முடிவதற்குள், திருமங்கலத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஜூன் மாதம் முதல் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. கடிதத்தில் ஒரே நிபந்தனை. ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட் உட்பட எல்லாவற்றிலும் தேறியிருக்க வேண்டும். புராஜெக்ட் என்றால் ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஆறு வாரம் இருந்து, பொருள் வரும் வழியை ஆராய்ந்து, அறிக்கை எழுதி, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் வைவாவில் பதில் சொல்ல வேண்டும்.

அவளுக்கு இடம் தருவதாகச் சொன்ன கம்பெனி பிப்ரவரி நடுவில் முடியாது என்று சொல்லிவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் தொடங்கிவிட்டார்கள். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஒங்க மெஸ்ஸுக்கு இலை எங்கருந்து வருது?"

"மேலக்கால் தோட்டத்துலருந்து. காசிமாயன் மாமா கொண்டாருவாரு."

"கிழிஞ்சு வருதுன்னு தெனமும் சொல்லுவேல்ல?"

"தெனமுந்தான். அவரு வண்டி ஓட்டுற லெச்சணம் அப்படி."

மறுநாளே மெஸ் முதலாளி தனிஸ்லாஸிடம் அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டாள். "வாழை இலைக்கெல்லாம் அறிக்கையாம்மா? மேல்நாட்டுல இதெல்லாம் கெடையாதே" என்று அவர் கேட்டார். "அதனாலதான் சார், யாரும் இதுவரைக்கும் எழுதல" என்றாள்.

கிழிந்த இலை எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. கீறல் விழுந்த இலையில் சாம்பார் ஊற்றினால் மேசைக்கு வரும். மேசையிலிருந்து வேட்டிக்கு வரும். கட்டுக்கு நூறு இலை. நாளுக்கு நான்கு கட்டு. மதியம் இரண்டு மணிக்கு இலை தீர்ந்து, ஆள் உட்கார்ந்திருக்கும்போது நான் கடைத்தெருவுக்கு ஓடிய நாட்கள் உண்டு. அதனால் காலை ஆறேகாலுக்கு இலை வந்து இறங்கியதும், ஆறு இருபதுக்கெல்லாம் கட்டைப் பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, கிழிந்ததைத் தனியாக எடுத்து, நல்லதை அளவாக நறுக்கி அடுக்கிவிடுவேன். ஏழரைக்குள் முடித்துவிட்டால்தான் எனக்கு நிம்மதி. கிழிந்ததை எண்ணி அப்போதே காசிமாயன் மாமாவுக்குப் போன் போடுவேன். பதினோரு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முனீஸ்வரி நான் சொன்னதையே முதல் அறிக்கையாக எழுதினாள். இலை கிழிவது வண்டியில், மேலக்கால் சாலைக் குழிகளால். அவளுடைய கைடு ஆன்சி மேடம் அதை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வண்டியிலதான் கிழியுதுன்னு நீ பாத்தியா? இது உங்க அண்ணன் சொன்னது. நீ எண்ணினது எங்க?"

அதற்குப் பிறகு அவள் எண்ண ஆரம்பித்தாள். விடிவதற்கு முன் என் பைக்கில் மேலக்கால் தோட்டத்துக்குப் போவோம். நாலரை மணிக்கு இலை அறுப்பார்கள். இரண்டாக மடித்து, அடுக்கி, வாழைநாரால் கட்டுவார்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு கட்டைத் தோட்டத்திலேயே பிரித்து எண்ணினாள். பதினெட்டு கிழிசல். வண்டி ஆரப்பாளையம் வந்து நின்றதும் இன்னொரு கட்டு. பதினாறு. நான் பிரித்த கட்டில் பதினேழு. ஐந்து நாள் எண்ணியும் இதே கணக்குத்தான். வண்டியில் ஏறாத இலையும் அதே அளவு கிழிந்திருந்தது.

காசிமாயன் மாமா அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றார். "பதினோரு வருசம் மாப்ள. என் வண்டியத் திட்டுன, நான் ஓட்டுறதத் திட்டுன, ஒரு நா என் கண்ணாடியக்கூடத் திட்டுன."

"அப்ப அறுக்குறப்பவே கிழியுது மாமா."

"அதுக்கு இப்ப என் அருவாளத் திட்டப் போற. அப்படித்தான?"

ஆறாவது நாள்தான் விஷயம் பிடிபட்டது. அன்று அவளுக்குக் காலையில் கல்லூரியில் பரீட்சை. ஒரு கட்டை எண்ணாமல் மெஸ் பின்கட்டில் நிழலில் வைத்துவிட்டுப் போனாள். பத்து மணிக்குத் திரும்பி வந்து பிரித்தாள். நூறு இலையில் மூன்றுதான் கிழிந்திருந்தது. மறுபடி எண்ணினாள். மூன்றுதான்.

அடுத்த இரண்டு வாரம் அரை மணிக்கு ஒரு கட்டு வீதம் பிரித்தோம். அறுத்த புதிதில் இலை விறைப்பாக இருக்கிறது. மடிப்பைத் திறந்தாலே நரம்போடு கீறல் விடுகிறது. அறுத்து மூன்று மணி நேரத்துக்குள் பிரித்தால் கிழிசல் அதிகம். ஐந்து மணி நேரம் நிழலில் இருந்தால் இலை துவண்டு, துணி மாதிரி விரிகிறது. இலை வண்டியிலும் கிழியவில்லை, தோட்டத்திலும் கிழியவில்லை. ஆறு இருபதுக்கு, என் மேசையில், என் கையில் கிழிந்திருக்கிறது.

அது தெரிந்த அன்று டிபன் நேரம் முடிந்ததும் நான் பின்கட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தேன். அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அறிக்கையில அந்தப் பக்கத்த எடுத்துறவா? 'கையாளும்போது'ன்னு பொதுவா எழுதிக்கலாம்."

"பொதுவா எழுதுனா அந்த மேடம் ஒத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் என்ன. நேரத்தப் போடு. ஆறு இருபது. ஆறரைன்னு போட்டுறாத."

ஏப்ரலில் வைவா. புதிதாக அறுத்தது, துவண்டது என இரண்டு விதக் கட்டையும் பிரித்துக் காட்டத் தயாராக வரச்சொல்லி ஆன்சி மேடம் சொல்லியிருந்தார். நாலரைக்கு அறுத்த கட்டு ஒன்றை முனீஸ்வரியே காலையில் கொண்டுபோய்விட்டாள். புதிய கட்டு என் பொறுப்பு. காசிமாயன் மாமா அதற்கென்றே தோட்டத்தில் காத்திருந்து ஒன்பது பத்துக்கு அறுத்தார். ஈரச்சாக்கில் சுற்றி பைக்கில் வைத்தேன். வெயில் பட்டுத் துவண்டுவிட்டால் எல்லாம் போச்சு. பதினோரு வருடம் இலை கிழியக்கூடாது என்று பாடுபட்டவன், அன்றைக்கு அது விறைப்பாகவே இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் நிறுத்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனேன்.

அவள் முறை பதினேழாவது. பதினோரு மணி ஆனது. பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு பத்தைத் தாண்டினால் மூன்று மணி நேரக் கணக்கு முடிந்துவிடும். வராந்தாவில் சாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது.

தேர்வாளர் ஒல்லியான, வயதான மனிதர். அறிக்கையைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "இலைகளைப் பிரிச்சது நீதானேம்மா? உனக்குப் பழக்கமில்ல, அதனால ஆரம்பத்துல கிழிஞ்சிருக்கும். அப்புறம் கை பழகியிருக்கும். நேரத்துக்கும் கிழிசலுக்கும் என்ன சம்பந்தம்? இது நிக்கலேன்னா அறிக்கையே நிக்காது."

ஆன்சி மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முனீஸ்வரி முந்திக்கொண்டாள். "பழக்கமான ஆளு வெளிய நிக்கிறாரு சார். அவரு பிரிக்கட்டும்."

நான் கட்டோடு உள்ளே போனேன். இருபது இலை பிரிக்கச் சொன்னார்கள். எனக்கு அவசரமாகப் பிரிக்கத் தெரியாது. எப்போதும் போலவே முனையைப் பிடித்து, மெதுவாக மடிப்பைத் திறந்தேன். முதல் இலை கிழியவில்லை. இரண்டாவதும் கிழியவில்லை. ஆறாவது இலை வரை ஒரு கீறல்கூட விழவில்லை. தேர்வாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முனீஸ்வரி என் முகத்தைப் பார்க்காமல் இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழாவது இலை, நான் விரித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் சர்ரென்று கீறியது. அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. பதினோராவது கிழிந்தது. பதினாலாவது, பத்தொன்பதாவது. மொத்தம் நான்கு.

"இப்ப நாலரைக்கு அறுத்த இந்தக் கட்ட நீங்க பிரிங்க சார்" என்றாள் முனீஸ்வரி. "உங்களுக்கு இதுல பழக்கம் இருக்காதுல்ல."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். இலை பிரிக்கிற கையே இல்லை அது. போர்வை உதறுகிற மாதிரி இழுத்தார். இருபதும் முழுதாக விரிந்தன. கடைசி இலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி இங்கிலீஷில் ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். பிரிப்பவரின் அனுபவத்தால் கிழிசல் குறைவதில்லை என்று அதற்கு அர்த்தம் என அவள் பின்னால் சொன்னாள்.

"இதுல சொல்ற ஆளு நீங்கதானா?"

"ஆமா சார். பதினோரு வருச அனுபவம்."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆன்சி மேடம் அறிக்கையை வாங்கி அவளிடம் கொடுத்து, "ஜூன்ல திருமங்கலம் போறதுக்கு பஸ் நேரம் பாத்து வச்சுக்கோ" என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் முனீஸ்வரி என்னைத் தூண் பக்கம் இழுத்தாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லு. வேணும்னே கிழிச்சியா?"

"இல்ல."

"அந்த ஏழாவது?"

"அதுகூட இல்ல. ஆறும் கிழியலேன்னதும் கொஞ்சம் அழுத்திறலாமான்னு தோணுச்சு. ஆனாலும் அழுத்தல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். நேரம் கேட்டாள். பன்னிரண்டு நாலு என்றேன். பிரித்தபோதா, இப்போதா என்று கேட்டாள். இப்போது என்றேன். அதை அடித்துவிட்டு, பதினொன்று ஐம்பத்தைந்து, இருபதுக்கு நான்கு என்று எழுதிக்கொண்டாள்.