சிறுவாணித் தண்ணீர் குடித்த கார்

எங்கள் வீட்டில் என் கணவர் தொட்டுப் பார்த்தது இரண்டு நெற்றிகளைத்தான். ஒன்று என்னுடையது, இன்னொன்று காருடையது. எனக்குக் காய்ச்சல் வந்த பிறகு தொட்டுப் பார்ப்பார். காருக்கு வருவதற்கு முன்பே.

தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். அவருக்கு மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் வேலை. அந்த வருடம்தான் இருபது வயதான ஒரு நீலநிறக் காரை வாங்கினார். கோத்தகிரியில் இருந்த அவருடைய தங்கை, மகளுக்குக் காது குத்துவதாகச் சொல்லி அனுப்பியதும் வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இவர் ஒருவர்தான். மலை ஏறும்போது கார் கொதித்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

விசேஷத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. இவர் அன்றைக்கே ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இங்க வந்து பாரு."

உள்ளே இருந்த தண்ணீர் சுக்குக் காப்பி நிறத்தில் இருந்தது. பழைய சொந்தக்காரர் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார், உப்புப் படிந்துவிட்டது என்று விளக்கினார். கோட்டைமேட்டிலிருந்து வந்து வண்டி பார்க்கும் மெக்கானிக் பாயும் அதையே சொன்னார்.

"எல்லாரும் பொக வந்த பொறகுதானுங்க என்னைத் தேடுவாங்க. வண்டி நல்லா இருக்கறப்பவே கூப்புட்டவரு நீங்க ஒருத்தருதானுங்க சார்."

பாய் அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். இவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது ரேடியேட்டரைக் கழுவி முடித்திருந்தார். அழுக்குத் தண்ணீரை இறக்கிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி இறக்கி, தெளிவாக வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். சந்தோஷமாக இருந்தார். நான் சமையலறைக்குள் போய்க் குடத்தைத் தூக்கினேன். காலி. அடுத்த குடமும் காலி. குடிக்கவும் சமைக்கவும் மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர், முந்தின நாள்தான் பிடித்து வைத்திருந்தேன்.

"ஏனுங்க, குடத்துல இருந்த தண்ணி எங்கீங்க?"

"உப்புத் தண்ணிய எப்படி அம்மணி ஊத்தறது? மறுபடியும் படிஞ்சு போயிரும்."

"அப்ப நமக்கு?"

"நமக்கு உள்ள படியாதில்ல."

இரண்டு நாள் போர் தண்ணீரில் பருப்பு வேக வைத்தேன். அது வேகவே இல்லை. அவர் அதையும் மென்று சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் காருக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. ரேடியேட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. பாய் குனிந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"அழுக்குதானுங்க இத்தனை நாளா ஓட்டைய அடைச்சுட்டு இருந்திருக்குது. நீங்க கழுவி உட்டுட்டீங்க."

இவர் முகம் வாடிப்போயிற்று. "அப்ப நான் சும்மா இருந்திருந்தா ஒழுகியிருக்காதுங்களா பாய்?"

"ஒழுகியிருக்குமுங்க. கோத்தகிரி ரோட்டுல."

அதைக் கேட்டதும் இவருக்கு உயிர் வந்தது. ரேடியேட்டரைக் கழற்றி ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தார்கள். ஊறிப்போயிருந்த ஹோஸ் பைப்புகளை மாற்றினார்கள். ஃபேன் பெல்ட் புதிது, மூடி புதிது. கடைசியில் வெறும் தண்ணீருக்குப் பதிலாகப் பச்சை நிறத்தில் கூலன்ட் ஊற்றினார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பச்சையைக் காட்டினார். என் அம்மாவுக்கும் காட்டினார். அம்மா எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, என்னவென்று என்னிடம் கேட்டார்.

விசேஷ நாளன்று விடியற்காலையில் மாமன் சீர்த் தட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இவர் சாலையைப் பார்த்துக்கொண்டார், வெப்பமானி முள்ளைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

"முள்ளு எங்க இருக்குது?"

"நடுவுல."

அடுத்த வளைவில், "இப்ப?"

"இன்னும் நகரலீங்க. தூங்குதாட்ட இருக்குது."

பாதி மலையில் வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. முன்பக்கமெல்லாம் ஆவி. டிரைவர் துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். இவர் சட்டென்று பிரேக் போட்டு இறங்கி ஓடினார்.

"தொறக்காதீங்க. மூஞ்சியெல்லாம் வெந்து போயிருமுங்க."

டிரைவர் கையை எடுத்துக்கொண்டார். இன்ஜின் ஆறும்வரை இவர் யாரையும் கிட்டே விடவில்லை. அப்புறம் பார்த்தால் ஹோஸ் பைப் நுனியில் கிழிந்திருந்தது. கிழிந்த பாகத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டும் வேலையில் இருவரும் இறங்கினார்கள். பட்டு வேட்டி நினைவு இவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நான் பட்டுப்புடவையோடு சாலையோரச் சுவரில் உட்கார்ந்தேன். வேனில் வந்த பெரியவர் ஒருவர் சின்னப் பெட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேட்டுப்பாளையத்து ஆசாரியாம். கோத்தகிரியில் ஒரு குழந்தைக்குக் காது குத்தப் போகிறாராம்.

"உங்களுக்கு நேரமாகலீங்களா?" என்று கேட்டேன்.

"அவசரமில்லீங்க அம்மணி. தாய்மாமன் கோயமுத்தூர்ல இருந்து வரோணும். அவரு என்னமோ பழைய காரு வெச்சிருக்காராமா. எப்படியும் வழியில நின்னு போட்டுத்தான் வருவாருன்னு அந்த ஊட்டுல பேசிக்கிட்டாங்க."

நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சிரிப்பதைக் கண்டு அவர் விழித்தார். பானெட்டுக்குள் தலைவிட்டிருந்தவரைக் காட்டி, "அவர்தானுங்க அந்த மாமன்" என்றேன். பெரியவர் அவசரமாக எழுந்து பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவரையும் சீர்த் தட்டுகளுக்கு நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். நல்ல நேரம் முடியக் கொஞ்சம்தான் இருந்தது. வாசலில் நின்றிருந்த நாத்தனார் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். வேட்டியில் துருக் கறை, கையெல்லாம் கரி.

"வண்டி நின்னு போச்சுங்களாண்ணா?"

"என் வண்டி இல்ல. இன்னொருத்தரு வண்டி."

"சரி சரி, வந்து சேந்தீங்களே. கையக் கழுவிட்டு உக்காருங்க."

அவள் நம்பவில்லை என்று அவருக்குப் புரிந்தது. "வேணும்னா பானெட்டத் தொட்டுப் பாரு" என்று வாசல் பக்கம் திரும்பினார். நாத்தனாரின் கணவர் இவர் தோளைப் பிடித்து மணையில் உட்கார வைத்துவிட்டார். குழந்தை மடிக்கு வந்ததும் கறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது. முதல் காது முடிந்த பிறகுதான் அழ ஆரம்பித்தது. இவர் கண்ணும் கலங்கியது. ஆசாரி அடுத்த காதைத் தடவியபடி, "வண்டி நல்ல வண்டிதானுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் அது மாமன் கார் வழியில் கொதித்து நின்ற காதுகுத்து என்றே ஆகிவிட்டது. குழந்தை வளர்ந்து காலேஜ் போன பிறகும் அப்படித்தான் சொல்வாள். ஒவ்வொரு முறையும் இவர் முதலிலிருந்து விளக்குவார். சாட்சிக்கு என்னைப் பார்ப்பார். நான் எழுந்து காப்பி போடப் போய்விடுவேன்.